புயல் நாளில் ஊரோடு பேச ஒரு கம்பி: வெளியிடத்தில் ஹாம் ரேடியோ ஆன்டெனா அமைப்பது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்குப் பிந்தைய நாட்களை நமது கடற்கரை ஊர்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தென்னந்தோப்புகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. ஆனால் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்த சபுராளிகளை வாட்டியது வேறொன்று. உம்மாவுக்குப் போன் போகவில்லை. வீடு நிற்கிறதா, வாப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க ஒரு வழியும் இல்லை.

செல்போன் என்பது கையில் இருக்கும் கருவி மட்டுமல்ல. அதற்குப் பின்னால் டவர் வேண்டும், டவருக்கு மின்சாரம் வேண்டும், டவரை இணைக்கும் கேபிள் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கையில் இருப்பது வெறும் டார்ச் லைட்தான். இவற்றில் எதுவுமே தேவைப்படாத ஒரு தொடர்பு முறை உண்டு. அதுதான் ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி. ஒரு பேட்டரி, ஒரு ரேடியோ, ஒரு கம்பி. இவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, ஹாம் ரேடியோ இயக்குநரான பாரதி பிரசாத் என்ற சகோதரி தமது குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேயரில் இருந்தார். பொழுதுபோக்கு ஒலிபரப்புக்காகச் சென்ற குழு அது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்த நிலையில், அவர்களின் ரேடியோ நிலையமே தீவுகளுக்கும் இந்தியாவுக்கும் இடையே செய்திகளைக் கடத்தியது. தமது உறவினர் உயிரோடு இருக்கிறார் என்ற தகவல் பல குடும்பங்களுக்கு இப்படித்தான் கிடைத்தது.

இதைப் படிக்கும் பலர், "ஒரு ரேடியோ வாங்கி வைத்துவிடலாமே" என்று நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ரேடியோவைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதில் பேசியது போய்ச் சேருமா என்பதை முடிவு செய்வது வெளியே கட்டும் கம்பி. அந்தக் கம்பியை நாமே கட்டி, நாமே அளந்து, நல்ல நாளிலேயே பழகியிருக்க வேண்டும். நாம் படித்தது கலைப் பாடம், மின்னியல் அல்ல. நமக்குப் புரிந்தது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் நிச்சயம் புரியும்.

முதலில் உரிமம்

ரேடியோவில் பேச அரசு உரிமம் கட்டாயம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு இதற்கான தேர்வை நடத்துகிறது. 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரு நிலைகள் உண்டு. முதல் நிலைக்கு மோர்ஸ் தந்தித் தேர்வு கிடையாது. அடிப்படை மின்னியலும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும். வீட்டு முகவரியை விட்டு வேறிடத்தில் நிலையம் அமைக்கும் முன், அதற்கான விதி என்ன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயரம் குறைந்தாலும் நன்மையே

பேரிடர் நேரத்தில் நமக்கு அமெரிக்காவோடு பேசுவது அவசியமில்லை. மாவட்டத் தலைநகரத்தோடும் அடுத்த மாவட்டத்தோடும் பேச வேண்டும். கையில் வைத்துப் பேசும் வாக்கி டாக்கி சில கிலோமீட்டர்களோடு நின்றுவிடும். இதற்குப் பொருத்தமானது 40 மீட்டர் அலைவரிசை, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம்களுக்கு உரியது. நாம் அடங்கிய மூன்றாம் சர்வதேச வட்டாரத்தில் அவசரத் தொடர்புக்கான மைய அலைவரிசைகளில் 7.110 மெகாஹெர்ட்ஸும் ஒன்று.

ஆன்டெனா என்றால் உயரமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். தூரத்தில் உள்ளவரோடு பேச அது சரி. பக்கத்து மாவட்டத்துக்கு அது தேவையில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை 7, 8 மீட்டர் உயரத்தில் கட்டினால், அலையின் பெரும்பகுதி நேர் மேலே செல்லும். வானில் உள்ள அயனி மண்டலம் அதைத் திருப்பி அனுப்பும். தோட்டத்தில் தண்ணீர்க் குழாயை மேல்நோக்கிப் பிடித்தால் தண்ணீர் நம்மைச் சுற்றியே விழுமல்லவா, அதுபோல இந்த அலையும் நம்மைச் சுற்றி 300, 400 கிலோமீட்டர் வட்டத்தில் இறங்கும். வேதாரண்யத்தில் கட்டினால் தஞ்சாவூரும் மதுரையும் இதற்குள் வந்துவிடும். இது பகலில் நன்றாக நடக்கும். இரவு ஏற ஏற அருகிலுள்ளவர் மறைந்து, தூரத்திலுள்ளவர் கேட்கத் தொடங்குவார். ஆகவே முக்கியமான செய்தியைப் பகலிலேயே அனுப்பிவிடுவது நல்லது.

என்னென்ன வேண்டும்?

* வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 22 மீட்டர்
* 50 ஓம் கோஆக்சியல் கேபிள் 20 மீட்டர், அதற்கான பிளக்
* நடுவில் இரண்டு கம்பிகளையும் கேபிளையும் இணைக்க ஒரு பிவிசி துண்டு, நுனிகளில் கட்ட இரண்டு சிறு பிவிசி துண்டுகள்
* 8 மீட்டர் உயரத்துக்கு மூங்கில் அல்லது இழுத்து நீட்டும் ஃபைபர் கம்பம்
* நைலான் கயிறு, அளவு நாடா
* எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் அல்லது நானோ வி.என்.ஏ. என்ற சிறிய அளவுகருவி

இடம் பார்ப்பதில் அலட்சியம் வேண்டாம்

திடலோ, கடற்கரையோ, அறுவடை முடிந்த வயலோ போதும். சுமார் 20 மீட்டர் நீளம் தேவை. முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். மின்கம்பி அருகில் இருந்தால் அந்த இடமே வேண்டாம். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், ஆன்டெனா கம்பி அறுந்து எந்தப் பக்கம் பறந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். புயலுக்குப் பின் தரையில் கிடக்கும் கம்பியிலும் மின்சாரம் இருக்கலாம். இடி இடித்தால் வேலையை நிறுத்திவிட்டு, கேபிளைக் கழற்றி வைத்து, உள்ளே போய்விட வேண்டும்.

கட்டும் முறை

ஒவ்வொரு கையும் 10.5 மீட்டர் இருக்கும்படி இரண்டு கம்பிகளை வெட்டிக்கொள்ளுங்கள். 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 143 வகுத்தல் 7.11 என்றால் 20.11 மீட்டர், ஒரு கைக்குச் சுமார் 10.06 மீட்டர். பிறகு ஏன் 10.5? நீளமாக இருந்தால் குறைக்கலாம், குறைந்துவிட்டால் ஒட்டுப் போட வேண்டும். அதனால்தான்.

கேபிளின் நடுக்கம்பியை ஒரு கையோடும், வெளிவலையை மற்றொரு கையோடும் சால்டர் செய்யுங்கள். இணைப்புக்கு அருகிலேயே கேபிளை ஒரு சாண் அகல வளையமாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். அலை கேபிளின் வெளிப்புறம் வழியே திரும்பி வராமல் தடுப்பது இந்தச் சுருள். கேபிளின் எடை சால்டரில் விழக் கூடாது. பிவிசி துண்டில் துளையிட்டு, கேபிளை அதில் இறுகக் கட்ட வேண்டும்.

நடுப்பகுதியைக் கம்பத்தின் உச்சியில் கட்டி, மூன்று திசைகளில் கயிறு இழுத்துக் கம்பத்தை நிறுத்துங்கள். கடற்கரை மணலில் முளைக்குச்சி நிற்காது. கோணிப்பையில் மணல் நிரப்பி, அதன் வாயில் கயிற்றைக் கட்டி, ஒரு முழம் ஆழத்தில் புதைத்தால் அசையாது. இனி இரண்டு கைகளையும் எதிரெதிர்த் திசையில் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். பார்க்கத் தலைகீழான வி எழுத்துப் போல இருக்கும். உச்சி 8 மீட்டரிலும் நுனிகள் 2.5 மீட்டரிலும் இருந்தால் இடையிலுள்ள கோணம் ஏறத்தாழ 110 பாகை வரும். 90 பாகைக்குக் குறையக் கூடாது.

நுனிகளை ஆளுயரத்துக்கு மேல் வைப்பதற்குக் காரணம் உண்டு. பேசும்போது மின்னழுத்தம் மிக அதிகமாக இருப்பது நுனியில்தான். தொட்டால் தோல் சுட்டுவிடும். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் கூடுவார்கள். ஆகவே கயிறுகளில் சிவப்புத் துணி கட்டி, ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள்.

டியூன் செய்வது எப்படி?

ரேடியோவிலிருந்து கேபிள் வழியே செல்லும் சக்தியில் ஒரு பகுதி, ஆன்டெனா பொருந்தாவிட்டால் திரும்பி வரும். எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டுவதே எஸ்.டபிள்யூ.ஆர். என்ற எண். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது. 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் கால் பங்கு. 1.5க்குக் கீழே வந்தால் திருப்தி அடையலாம். 1 வரவில்லையே என்று நாள் முழுக்கக் கம்பியை நறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நானோ வி.என்.ஏ. இருந்தால், அதனுடன் வரும் மூன்று சிறு பிளக்குகளால் முதலில் அதைச் சரிபார்த்துக்கொண்டு, 6.5 முதல் 7.5 வரை ஓட்டிப் பாருங்கள். திரையில் கோடு எங்கே பள்ளமாகிறதோ அதுவே இப்போது ஆன்டெனா பொருந்தியுள்ள இடம். வெறும் மீட்டர் என்றால் குறைந்த சக்தியில், 5 வாட் போதும், 7.000, 7.100, 7.200 மூன்றிலும் சில விநாடிகள் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உரிமம் பெற்றவரே இதைச் செய்ய வேண்டும். 7.000இல் குறைவாகவும் 7.200இல் அதிகமாகவும் காட்டினால் கம்பி நீளம். மாறிக் காட்டினால் கம்பி குட்டை.

எவ்வளவு குறைப்பது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இப்போதைய நீளத்தைப் பள்ளம் விழுந்த எண்ணால் பெருக்கி, நமக்கு வேண்டிய எண்ணால் வகுக்க வேண்டும். உதாரணமாக, 10.5 மீட்டரில் பள்ளம் 6.75இல் விழுந்தது என்போம். 10.5 பெருக்கல் 6.75 வகுத்தல் 7.11 என்றால் சுமார் 9.97 மீட்டர். அதாவது ஒவ்வொரு கையிலும் 53 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி என்பதால் சூத்திரம் சொல்வதை விடச் சற்றுக் குறைவாகவே வரும்.

உடனே கத்தரியை எடுக்காதீர்கள். 40 சென்டிமீட்டரை நுனியில் மடித்து, கம்பியோடு சேர்த்து முறுக்கி, மேலே ஏற்றி அளந்து பாருங்கள். பிறகு மீதியை மடியுங்கள். இரு கைகளிலும் ஒரே அளவு மடிக்க வேண்டும். கம்பியில் ஒருவர் கை இருக்கும்போது மைக் எவர் கையிலும் இருக்கக் கூடாது.

நாம் செய்த தவறுகள்

முதல் முறை வெயிலுக்குச் சோம்பி, கம்பத்தைப் பாதி மட்டும் உயர்த்தி அளந்தோம். கம்பி தரைக்கு அருகில் இருந்தால் பள்ளம் கீழே இறங்கிக் காட்டும் என்பது அப்போது தெரியாது. நீளம் அதிகம் என்று நம்பி வெட்டிவிட்டோம். கம்பத்தை முழுதாக நிறுத்தியபோது பள்ளம் 7.3க்கும் மேலே போய் நின்றது. வெட்டி எறிந்த துண்டுகளைத் திடலில் தேடிப் பொறுக்கி மீண்டும் சால்டர் செய்தோம். எந்த உயரத்தில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த உயரத்தில்தான் அளக்க வேண்டும். அந்தப் பாடம் மறக்கவில்லை.

இரண்டாவது தவறு உப்புக்காற்றைக் கணக்கில் எடுக்காதது. சில மாதங்கள் கழித்து விரித்தபோது இணைப்பில் பச்சை பூத்திருந்தது. மீட்டர் முள் நிலையாக நிற்கவில்லை. இணைப்பை ரப்பர் டேப்பால் காற்றுப் புகாமல் சுற்றாவிட்டால் நமது கடற்கரையில் செம்பு தாங்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருப்பதாலேயே ஆன்டெனா நல்லது என்று ஆகிவிடாது. அறுந்து, நனைந்து, சக்தியை உறிஞ்சிக்கொள்ளும் பழைய கேபிளும் நல்ல எண்ணைக் காட்டும். ரேடியோவில் குரல்கள் தெளிவாகக் கேட்கின்றனவா, நமது குரல் எதிர்முனைக்குப் போகிறதா என்பதே உண்மையான சோதனை.

பேசும் முன் கேளுங்கள்

அலைவரிசையில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கவனித்துக் கேட்டு, பிறகு உங்கள் அழைப்புக் குறியீட்டைச் சொல்லி ஆரம்பியுங்கள். வியாபாரப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. பேரிடரில் வழக்கமான தொடர்புகள் அறுந்து, உரிய அதிகாரிகள் கேட்டுக்கொள்ளும்போது, உயிரையும் உடைமையையும் காக்கும் செய்திகளைப் பிறருக்காகக் கொண்டு சேர்க்க விதி இடம் தருகிறது. அப்போது சுருக்கமே முக்கியம். யார், எங்கே, எத்தனை பேர், என்ன தேவை என்று நான்கு வரியில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளில் பிள்ளைகள் செல்போனோடு அமர்ந்திருப்பதைப் பார்த்துக் கவலைப்படுகிறோம். இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பிள்ளையையாவது தேர்வு எழுத வையுங்கள். கம்பத்தைத் தூக்கவும் கயிற்றை இழுக்கவும் மற்ற பிள்ளைகள் வருவார்கள். வாப்பாமார்களும் வரலாம். இது தனியாள் வேலையல்ல.

டியூன் செய்து முடித்த கம்பியை வளையமாகச் சுற்றி, இரு கைகளின் நீளத்தையும் கம்பத்தின் உயரத்தையும் அட்டையில் எழிதிக் கட்டி, ஒரே பையில் போட்டு வையுங்கள். அக்டோபர் பிறக்கும் முன் ஒரு முறை விரித்து, அளந்து, பேட்டரியை ஏற்றிப் பாருங்கள். பழகிய கைகளுக்கு முழு வேலையும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பழகாத கைகளுக்கு, அதுவும் புயல் அடித்து ஓய்ந்த மறுநாளில், ஒரு பகல் முழுவதும் போதாது. அந்த ஒரு பகல்தான் வெளிநாட்டிலிருக்கும் ஒரு மகன் தன் உம்மாவின் செய்திக்காகக் காத்திருக்கும் பகல்.