ஒரே பாத்திரம், இரண்டு வெப்பநிலை!

கோழிக்கறியும் ராஜ்மாவும் ஒரே பாத்திரத்தில் பல மணி நேரமாக வேகின்றன. கறி மெத்தென்று வெந்துவிட்டது. விதையோ விரலால் அழுத்தினால் நசுங்குகிறது. வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஆனாலும் இதைச் சாப்பிட்டவர்கள் மூன்று மணி நேரத்திற்குள் வாந்தி எடுக்கக்கூடும்! ஏன் தெரியுமா?

கனமான மூடி போட்ட பாத்திரத்தில் இறைச்சியையும் பயறு வகைகளையும் சேர்த்து, குறைந்த சூட்டில் நெடுநேரம் வேக வைப்பது மேலைநாட்டுச் சமையல் முறை. இதற்குக் 'காஸரோல்' என்று பெயர். கோழியும் பீன்ஸ் விதையும் சேர்ந்த காஸரோல் ஹார்மோன்களைச் சீராக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. முதலில் இதை ஆராய்வோம்.

ஹார்மோன்கள், சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் இரசாயனத் தூதுவர்கள். கணையம் சுரக்கும் இன்சுலின் அவற்றுள் ஒன்று. 1921-ல் கனடாவின் டொரண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் அதைப் பிரித்தெடுத்தனர். 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் அது. அந்த வரிசையைக் கண்டறிந்த சாங்கர் 1958-ல் நோபல் பரிசு பெற்றார். இன்சுலினை விழுங்கினால், மற்றப் புரதங்களைப் போலவே அதுவும் செரித்துவிடும். அதனால்தான் ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள்.

எனவே ஒரு குழம்பு ஹார்மோனை நேரே ஊட்டிவிடாது. உணவு தருவது செங்கல். வீடு கட்டுவது உடல். விதையில் குறைவாக உள்ள மெதியோனின் என்னும் அமினோ அமிலத்தைக் கோழிக்கறி ஈடு செய்கிறது. விதையிலுள்ள நார்ப்பொருள், குளுகோஸ் இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே கணையம் ஒரேயடியாக இன்சுலினைச் சுரக்க வேண்டியதில்லை. சத்தான உணவுதான்; ஆனால் மருந்து அன்று.

இனி அடுப்புக்கு வருவோம். கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி சென்டிகிரேடை எட்டினால், சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். ராஜ்மாவின் கதை வேறு. அதில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. வேகாத விதை நான்கைந்து போதும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வர! பிரிட்டனில் 1976 முதல் 1989 வரை, இந்த விதையால் நேர்ந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 50 நிகழ்ச்சிகள் ஆராயப்பட்டன.

புரதம் என்பது மடிந்து முடிச்சிட்ட நூல் போன்றது. வெப்பம் அந்த முடிச்சை அவிழ்க்கிறது. முட்டையின் வெண்கரு 80 டிகிரியில் கெட்டியாகிவிடும். லெக்டினின் முடிச்சோ மிக உறுதியானது. 80 டிகிரியில் அது அழிவதில்லை. பச்சை விதையில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு வரை நச்சு கூடிவிடலாம். 100 டிகிரியில் கொதித்தால்தான் விரைவில் செயலிழக்கும். கோழிக்குப் போதுமான சூடு விதைக்குப் போதாது என்பது இப்போது புரிகிறதல்லவா? மென்தீயில் சமைக்கும் மின்பாத்திரங்கள் சில இந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. விதை மென்மையாகிவிட்டது என்பதும் நச்சு போய்விட்டது என்பதும் ஒன்றல்ல.

வழி எளிது. ராஜ்மாவை இரவு முழுவதும் ஊற வையுங்கள். ஊறிய நீரைக் கொட்டிவிடுங்கள். புதிய நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அந்த நீரையும் வடித்துவிட்டு, பிறகு வெங்காயம், தக்காளி, கோழிக்கறியுடன் சேர்த்துச் சிறு தீயில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேக வைக்கலாம்.

உதகமண்டலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் சூடு அதற்குமேல் ஏறாது. அங்கே பிரஷர் குக்கரே துணை. அடைபட்ட நீராவியின் அழுத்தத்தால் உள்ளே சூடு 120 டிகிரியை நெருங்கும். 1679-ல் தெனி பாப்பின் தம் நீராவிப் பாத்திரத்தில் காட்டிய தத்துவமே இது.

அடுத்த முறை வீட்டில் ராஜ்மா ஊறும்போது, "எந்த நீரில், எவ்வளவு நேரம் கொதிக்கும்?" என்று கேளுங்கள். வகுப்பில் படித்த கொதிநிலை உங்கள் வயிற்றைக் காக்கும்!