ராப் பாட்டில் சொல்லின் இடம்

இன்றைய உரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் ராப் பாட்டு. இந்தப் பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பதுண்டு. "அது என்ன பாட்டு? மூச்சு விடாமல் பேசுகிறான், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை" என்பார்கள். இளைஞர்களோ அதையே காலையும் மாலையும் கேட்கிறார்கள். இரு சாராருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ராப் பாட்டின் உயிர் அதன் சொல்லில் இருக்கிறது. மேளச் சத்தம் அந்தச் சொல்லுக்குத் துணை. இதற்குச் சான்றாக, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த ஒரு பாட்டியின் பேரன் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஒன்றைப் பற்றியும் சொல்லப் போகிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அது வேற்றார் கதையன்று.

முதலில் ராப் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி, ஏழைகளும் குடியேறியவர்களும் நெருக்கமாக வாழ்ந்த இடம். அங்கே 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் ஒரு விருந்து நடந்தது. ஜமைக்காத் தீவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டின் நடுவே மேளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை, இரண்டு தட்டுகளைக் கொண்டு திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அந்தத் தாளத்தின் மேல் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியதும், கூட்டத்தை அழைத்ததும், சந்தத்தோடு சொல் அடுக்கியதும் வளர்ந்து ராப் ஆயிற்று. 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்' என்னும் பாட்டு, ஏழைக் குடியிருப்பின் வாழ்க்கையை உள்ளபடியே சொன்னது. ஆடுவதற்கு மட்டுமன்று, நாட்டு நடப்பைச் சொல்வதற்கும் இது உதவும் என்று உலகம் கண்டுகொண்டது. 2018இல் கென்ட்ரிக் லமார் என்னும் ராப் கலைஞரின் தொகுப்புக்கு அமெரிக்காவின் புலிட்சர் இசைப் பரிசு கிடைத்தது. அதுவரை அந்தப் பரிசு செவ்வியல் இசைக்கும் ஜாஸ் இசைக்குமே வழங்கப்பட்டு வந்தது.

ராப் பாட்டு எப்படி அமைகிறது? நான்கு நான்காக எண்ணும் தாளம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பாடுபவர் பெரும்பாலும் பதினாறு தாளச் சுற்றுகளுக்கு ஒரு பத்தி என்று சொற்களை அமைப்பார். நடுவில் எல்லாரும் சேர்ந்து சொல்லத்தக்க பல்லவி வரும். தாளத்தின் எந்த அடியில் எந்தச் சொல் விழுகிறது, எங்கே நிறுத்துகிறார், எங்கே விரைகிறார் என்பதில்தான் அவருடைய திறமை தெரியும்.

தமிழருக்கு இது புதிதா? எதுகை, மோனை, இயைபு என்று நாம் பள்ளியில் படித்தவையே இங்கும் வேலை செய்கின்றன. எடுத்துக்காட்டாக இரண்டு அடிகளை நானே கட்டிச் சொல்கிறேன்.

"மட்டை உரித்தது இந்த விரல்;
எட்டுப் பேரை வளர்த்தது இந்தக் குரல்."

மட்டை, எட்டு என்னும் சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. விரல், குரல் என்று அடியின் இறுதி ஒத்து முடிவது இயைபு. தேங்காய் மட்டை உரித்துக் குடும்பத்தைக் காத்த ஒரு தாயின் கதை அந்த இரண்டு அடிக்குள் அடங்கிவிடுகிறது. மேசையைத் தட்டிக்கொண்டு சொல்லிப் பாருங்கள்; அதுவே ராப். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கும்போது சொல் அடுக்கிப் பாடுகிறவரையும், இழவு வீட்டில் இறந்தவரின் வரலாற்றையே ஒப்பாரியாகக் கட்டும் பாட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தாளமும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கும் கலை நம் லயத்து வாசலில் நெடுநாளாக இருந்து வந்ததே.

நம் மலேசியா இந்தத் துறையில் முன்னே நடந்த நாடு. 1990களில் பொயட்டிக் அம்மோ என்னும் குழு பல மொழிகளில் ராப் பாடிப் புகழ் பெற்றது. அதில் இருந்த யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் சேர்ந்து 'யோகி பி & நட்சத்திரா' என்னும் பெயரில் 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்துப் புதுச் சொற்களைச் சேர்த்துப் பாடியது அதில்தான். மெட்டு முன்பே எல்லாருக்கும் தெரிந்தது. புதிதாக வந்தவை அவர்களுடைய தாளமும் சொல்லும். தமிழகத்திலும் அந்தப் பாட்டு பரவியது. தமிழ்த் திரைப்படங்கள் யோகி பியை அழைத்தன. கூலி வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் மண்ணிலிருந்து தமிழகத்திற்கு ஒரு கலை திரும்பிப் போனது என்றே சொல்லலாம்.

இனி, முதலில் சொன்ன பேரனின் கதைக்கு வருவோம். அவர் பெயர் அறிவு. அறிவரசு என்பது முழுப்பெயர். தமிழகத்தின் அரக்கோணத்தைச் சேர்ந்தவர். 2017இல் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து அமைத்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். 2019இல் ஆஃப்ரோ என்னும் இசைக்கலைஞருடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். திருக்குறள் என்பதில் மூன்று எழுத்துகளை மாற்றினால் தெருக்குரல் ஆகிவிடுகிறது. தலைப்பிலேயே சொல்விளையாட்டும் கருத்தும் இருப்பதைக் கவனியுங்கள்.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள். அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழகம் திரும்பியவர். இந்தத் திரும்புதலுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்வது என்பது ஏற்பாடு. மாடு, மரம், சந்தைச் சரக்கு ஆகியவற்றைப் பங்கு பிரிப்பது போல மனிதர்களைப் பிரித்தார்கள். பிறந்த தோட்டத்தை விட்டு, பார்த்தறியாத ஊருக்குப் பல குடும்பங்கள் கப்பலேறின.

நம் முன்னோரும் கங்காணி காட்டிய வழியில் வந்தவர்களே. 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை ஆள்கட்டிக் கொண்டுவருவது நடந்தது. ரப்பர்க் காட்டிலும் தென்னந்தோப்பிலும், பிறகு செம்பனையிலும் உழைத்தோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் கைமாறியபோதும் லயத்தைக் காலி செய்துவிட்டுப் போன குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே வள்ளியம்மாள் நமக்கு அயலார் அல்லர்.

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு இந்தப் பாட்டியின் நினைவிலிருந்து எழுந்தது. 'எஞ்சாமி' என்பது 'என் சாமி' என்று அன்போடு அழைக்கும் சொல். பேரனைப் பாட்டி அழைத்த சொல் அது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த அந்தப் பாட்டை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். ஆனால் புகழ் வந்தபோது 'இந்தப் பாட்டு யாருடையது?' என்னும் கேள்வியும் வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு பாடப்பட்டது. அந்த மேடையில் அறிவு இல்லை. அதன்பின், அதை ஆக்கியதும் எழுதியதும் பாடியதும் தாமே என்று அவர் அறிக்கை விட்டார். இசையமைத்ததும் ஒலிப்பதிவு செய்ததும் தம் பணி என்றும், உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கினார். 2024இல், அந்தப் பாட்டால் தமக்கு அதுவரை வருமானமே வரவில்லை என்றும் அவர் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஒரு பாட்டில் சொல்லுக்குரியவர் யார், ஒலிக்குரியவர் யார் என்பது வெறும் வாய்ப்பேச்சு அன்று, ஒருவரின் பெயரும் பிழைப்பும் அதில் அடங்கியிருக்கின்றன என்பதை மட்டும் மனத்தில் கொள்வோம்.

அதே 2024இல் அறிவு தம் தனித் தொகுப்பை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தம் பெயரை முன்னே வைக்கவில்லை. 'நான் இன்னாருடைய பேரன்' என்று சொல்லிக்கொள்வதையே அடையாளமாக்கினார். படிக்க வாய்ப்பில்லாமல் கூலிக்கு உழைத்த பெண்ணின் பெயர் ஓர் இசைத்தொகுப்பின் முகப்பில் நிற்கிறது. இதைக் கேட்கிறவர் தேடிப்போவது சொல்லையே என்பது என் கருத்து. பேச்சுத்தமிழ், பாட்டியின் வாய்மொழி, நிலமற்றவரின் கோபம், சாதி இழிவை மறுக்கும் துணிவு ஆகியவைதாம் அறிவின் பாட்டுகளுக்கு எடை தருகின்றன.

இதை எப்படிச் சோதிப்பது? ஒரு வழி சொல்கிறேன். பிடித்த ராப் பாட்டு ஒன்றின் வரிகளை ஒரு தாளில் எழுதுங்கள். தாளம் இல்லாமல் உரக்கப் படியுங்கள். அப்போதும் மனம் அசைந்தால் அது சொல்லால் நிற்கும் பாட்டு. படித்தவுடன் ஒன்றுமில்லாமல் போய்விட்டால், அது ஒலியால் மட்டும் நிற்கும் பாட்டு. ஒலியால் நிற்கும் பாட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் ஆட அதுவும் வேண்டும். நல்ல ஒலிப்பதிவு சொல்லைத் தெளிவாகக் காதில் சேர்க்கிறது என்பதும் உண்மை. ஆயினும் தாளத்தை இன்று கணினியில் ஆக்கிக்கொள்ளலாம், விலைக்கும் வாங்கலாம். ஒரே தாளத்தை இருவர் வாங்கவும் முடியும். வாழ்ந்து பெற்ற சொல்லையோ எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பெற்றோருக்கு ஒரு கவலை உண்டு. வசைச்சொல்லும், குடியும், அடிதடிக் கும்பலும் சில ராப் பாட்டுகளில் பெருமையாகப் பேசப்படுகின்றன. இந்தக் கவலை நியாயமானதே. ஆனால் எல்லா ராப்பையும் ஒரே கூடையில் போட்டு விலக்கிவிட்டால், பிள்ளை அதை ஒளிந்து கேட்பான். அருகில் உட்கார்ந்து, "இந்த வரிக்கு என்னப்பா பொருள்?" என்று கேளுங்கள். பொருள் சொல்ல முடியாத வரியைப் பற்றி அவனே யோசிக்கத் தொடங்குவான்.

ராப் எழுத விரும்பும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். முதலில் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவர் பாடும் தாலாட்டை, ஒப்பாரியை, பெரட்டுக்குப் போகும்போது சொன்ன கேலிப் பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாரிடம் கற்றார் என்பதையும் குறியுங்கள். கொப்பரைக் கொட்டகை, பால்வாளி, ஆயாக் கொட்டகை போன்ற தோட்டத்துச் சொற்களையும், இடையிடையே கலந்து வரும் மலாய்ச் சொற்களையும் மாற்றாமல் எழுதுங்கள். தோட்டங்கள் மறைந்துவருகின்றன. அந்தச் சொற்களைப் பேசியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு எரிந்தோ புதைந்தோ போன பாட்டைப் பிறகு எந்த ஒலிப்பதிவுக் கூடத்தாலும் மீட்க முடியாது.

எழுதிய பாட்டின் அடியில் உங்கள் பெயரையும் நாளையும் இடுங்கள். பாட்டியிடம் பெற்றதானால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக ஆக்கி எழுத்திலோ ஒலிப்பதிவிலோ பதிந்த படைப்புக்கு, தனியே பதிவு செய்யாமலே உரிமை உண்டு. அது படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் நிற்கும். பாட்டை ஆக்கியவரின் உரிமை வேறு, ஒலிப்பதிவு செய்தவரின் உரிமை வேறு. நண்பர்கள் சேர்ந்து பாட்டு உருவாக்கும்போது, யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது நட்புக்கும் நல்லது.

நேயர்களே, வள்ளியம்மாள் மேடை ஏறியவர் அல்லர். அவர் வாயிலிருந்த சொல்லைப் பேரன் கேட்டான், மறக்காமல் வைத்திருந்தான், உலகத்துக்குச் சொன்னான். பேராக் ஆற்றின் கழிமுகத்தில் இருக்கும் நம் வீடுகளிலும் அப்படிப்பட்ட பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்கள் பேசும்போது வானொலியைக்கூடச் சற்று அணைத்துவிட்டுக் கேளுங்கள்.