பாசியைத் தின்னும் சிலந்திப்பேன்கள்

யூஸ்டிக்மேயஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த சிலந்திப்பேன்களில் பல, மாஸ் பாசியின் சாற்றை உறிஞ்சி வாழ்கின்றன. ஈரச் சுவரிலும் பாறையிலும் மரப்பட்டையிலும் பச்சையாகப் படரும் அந்தச் சிறு தாவரமே அவற்றுக்கு வீடும் உணவும். உடல் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். நிறம் சிவப்பு அல்லது ஆரஞ்சு. முதுகை மூடிய கவசத் தகடுகளில் குழி குழியான வேலைப்பாடு. இப்பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

வியப்பு என்னவென்றால், இவை பிறந்த ஸ்டிக்மேயிடே குடும்பம் பெரும்பாலும் வேட்டைக் குடும்பம். இதே குடும்பத்தைச் சேர்ந்த செட்செல்லியா ஆப்பிள் தோட்டங்களில் பிற சிலந்திப்பேன்களையும் அவற்றின் முட்டைகளையும் தின்கிறது. யூஸ்டிக்மேயஸிலேயே சில இனங்கள் மணல் ஈக்களின் உடலில் ஒட்டுண்ணியாக ஒட்டிக்கொள்கின்றன. காலா அசார் நோயைப் பரப்பும் ஈக்கள் அவை. ஒரே பேரினத்துக்குள் இலைச்சாறும் பூச்சியின் உடல்நீரும் உணவாக அமைந்திருப்பது அரிய செய்தி.

மாஸ் இலை பெரும்பாலும் ஒரே ஓர் அடுக்கு செல்களால் ஆனது. பூக்கும் தாவரங்களில் இருப்பதைப் போன்ற சாற்றுக் குழாய்கள் அதில் கிடையாது. ஆகவே சிலந்திப்பேன் தன் ஊசி போன்ற வாயுறுப்பால் செல்லைத் துளைத்து, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டு அடுத்த செல்லுக்கு நகர்கிறது. பச்சையம் போன செல்கள் வெளிறிப்போகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சை இலையில் வெண்புள்ளிகளாக அவை தெரியும்.

பாசியில் மிகுதியாகக் காணப்படும் இன்னொரு கூட்டம், கடினத் தோல் கொண்ட ஓரிபாட்டிட் சிலந்திப்பேன்கள். இவற்றில் சுமார் பத்தாயிரம் இனங்கள் அறியப்பட்டுள்ளன. லிம்னோசெடிஸ் போன்றவை சதுப்புநிலத்து ஸ்பேக்னம் பாசியிலேயே குடியிருக்கின்றன. ஆனால் ஓரிபாட்டிட்களில் பெரும்பாலானவை மென்று தின்பது பூஞ்சை இழைகளையும் நுண்பாசிகளையும் மக்கிய இலைகளையுமே. உயிருள்ள மாஸை உண்பவை குறைவு.

எனவே பாசித் திட்டிலிருந்து ஒரு சிலந்திப்பேன் கிடைத்துவிட்டது என்பதற்காக அந்தப் பாசியை அதன் உணவுத் தாவரம் என்று எழுதிவிட முடியாது. ஆய்வாளர்கள் பாசியைப் பெர்லீசி புனலில் இடுகிறார்கள். மேலிருந்து விளக்குச் சூடு பட்டுப் பாசி காயக் காய, உயிரிகள் கீழே இறங்கிச் சாராயக் குப்பியில் விழுகின்றன. உண்பவை, தங்க வந்தவை, இரை தேடி வந்தவை எல்லாம் ஒரே குப்பியில் சேர்ந்துவிடும். மென்று தின்பவற்றின் குடலில் இலைத் துணுக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். சாறு உறிஞ்சுபவை அப்படித் தடயம் வைப்பதில்லை; அவற்றைத் தனியே ஒரே பாசியில் வளர்த்து, முட்டையிலிருந்து மறு முட்டை வரை ஒரு தலைமுறை நிறைவதைக் காண்பதே உறுதியான சான்று. கனடாவின் பாசிகளோடு இணைந்து வாழும் யூஸ்டிக்மேயஸ் பேரினத்தைப் பற்றி உரி கெர்சன் 1972இல் எழுதிய கட்டுரை இத்துறையில் முக்கியமானது. லெடர்முல்லேரியா என்பது பேரினத்தின் அன்றைய பெயர்.

பாசிக்கும் இந்த விருந்தாளிகளால் பயன் உண்டு. மாஸின் ஆண் அணுக்கள் நீரில் நீந்தியே பெண் உறுப்பை அடைய வேண்டும். அந்த நீச்சலின் எல்லை மிகச் சிறியது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரையம் அர்ஜென்டியம் என்ற வெள்ளிப் பாசியின் ஆண், பெண் செடிகளை 2 முதல் 4 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தார்கள். சிலந்திப்பேன்களோ ஸ்பிரிங்டெயில் என்ற சிறு கணுக்காலிகளோ நடமாடிய கிண்ணங்களில் கருவுறுதல் நிகழ்ந்தது. அவை இல்லாதபோது நிகழவில்லை. 2006இல் வெளியான இந்த முடிவு, பூக்கள் தோன்றுவதற்கு முன்பே இத்தகைய கூட்டுறவு இருந்திருக்கலாம் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது.

சேகரிப்புகளில் பல குப்பிகளின் சீட்டில் இன்றும் ‘பாசியிலிருந்து’ என்று மட்டுமே எழுதியிருக்கிறது. எந்தப் பாசி என்று தெரியாவிட்டால் உணவுத் தாவரத்தைப் பற்றிய பாதிச் செய்தி அங்கேயே தொலைந்துபோகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சிலந்திப்பேன் தேடிச் செல்லும் மாணவர்கள், அது இருந்த பாசியிலும் ஒரு துண்டை உலர்த்திக் காகித உறையில் இட்டு, ஒரே எண்ணோடு சேர்த்து வைக்க வேண்டும்.