பள்ளியில் ஓடிய ஓட்டம் எதுவரை காக்கும், தெரியுமா?

பன்னிரண்டு வயதில் மைதானத்தில் ஓடியதற்கும் ஐம்பது வயதில் வரும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஹார்வர்டைச் சேர்ந்த ரோஸ் ஃப்ரிஷ் இதைத் துருவினார். கல்லூரி நாளில் விளையாட்டு அணியில் இருந்த பெண்களையும், விளையாடாமலே படித்து முடித்தவர்களையும் சேர்த்து 5,398 பேரிடம் விவரம் திரட்டினார். 1985இல் வந்த முடிவு: விளையாடாதவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து 1.86 மடங்கு! அணியில் இருந்தவர்களில் 82 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளியிலோ அதற்கு முன்போ பயிற்சியைத் தொடங்கியவர்கள் என்பதையும் கவனியுங்கள். பெண் குழந்தைகளின் பி.டி. வகுப்பைப் பிடுங்கிக் கணக்குப் போட வைப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஒரு பெண் ஆயுள் முழுக்கச் சிந்திய வியர்வையை எப்படி அளப்பது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்! கனடாவின் கிறிஸ்டின் ஃப்ரீடன்ரைக் 1990களில் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். முதலில் படிப்பு, வேலை, கல்யாணம், பிரசவம் என்று அந்தப் பெண்ணின் வாழ்க்கையை ஒரு காலண்டரில் குறிப்பார்கள். பிறகு அதை வைத்தே ஞாபகத்தைக் கிளறுவார்கள். அந்த வேலையில் நின்றீர்களா, நடந்தீர்களா, பாரம் தூக்கினீர்களா? வாரத்தில் எத்தனை மணி நேரம்? வருஷத்தில் எத்தனை மாதம்? விளையாட்டு மட்டுமல்ல, வீட்டு வேலையும் கணக்கில் வரும்!

வீட்டு வேலையா என்று இளக்காரமாகக் கேட்காதீர்கள். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 2,18,169 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், வீட்டு வேலை அதிகம் செய்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து குறைந்திருந்தது. மாதவிடாய் நிற்பதற்கு முன் 29 சதவீதம், நின்ற பிறகு 19 சதவீதம்! காலமெல்லாம் யாரும் கணக்கில் வைக்காத உழைப்பு இது.

எப்படி நடக்கிறது இந்த அதிசயம்? பெரிய காரணம் ஈஸ்ட்ரோஜன். மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டும் ஹார்மோன் இது. மாதவிடாய் நின்றால் இதுவும் நின்றுவிடும் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை! சூலகம் ஓய்ந்த பிறகு, உடம்பிலுள்ள கொழுப்பே அரோமடேஸ் என்ற நொதியின் உதவியால் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. உழைப்பால் கொழுப்பு கரைந்தால் அதுவும் குறையும். கனடாவில் மாதவிடாய் நின்ற 320 பெண்களில் ஒரு பாதியை ஒரு வருஷம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அவர்கள் ரத்தத்தில் எஸ்ட்ரடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை குறைந்தது. இன்சுலின் கட்டுக்குள் வருவதும் உடம்பின் அழற்சி தணிவதும் கூடுதல் லாபம்.

இளமையில் ஓடாதவர்கள் என்ன செய்வது? அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையிலான 74,171 பெண்களைக் கவனித்தார்கள். வாரத்துக்கு ஒன்றே கால் மணியிலிருந்து இரண்டரை மணி நேரம் வேகமாக நடப்பதற்கு ஈடான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஆபத்து 18 சதவீதம் குறைவு! ஆபத்து குறைகிறதே தவிர, மறைந்துவிடுவதில்லை. ஓட்டக்காரிக்கும் கட்டி வரலாம். தட்டுப்பட்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நோய் வந்து போன பிறகு? அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்கள் கைக்கு வேலை கொடுத்தால் கை வீங்கிவிடும் என்று மருத்துவ உலகமே பயந்த காலம் ஒன்று உண்டு. 1996இல் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கென்சி, மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 24 பெண்களைப் பயிற்சி கொடுத்து டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்குக்கூடப் புதிதாகக் கை வீங்கவில்லை! இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட பெண்கள் அணி திரண்டு படகுப் போட்டிகளில் மோதுகிறார்கள்.