தூங்கி வழியும் பிள்ளைக்கு எடை ஏறுவது ஏன்?

பள்ளிக்கூடம் போகும் மகனைப் பற்றி ஒரு தாய் கேட்டிருக்கிறார். வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறான், விழுந்து விழுந்து சிரித்தால் முழங்கால் மடங்கிச் சரிகிறான், சில மாதங்களுக்குள் பழைய சட்டை எதற்கும் பொத்தான் போட முடியவில்லை. "தின்றுவிட்டுத் தூங்கினால் உடம்பு வைக்காதா?" என்கிறார்களாம் உறவினர்கள்.

கடிதத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மருத்துவர் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒரு நோய் உண்டு: நார்கோலெப்சி. அதன் முதல் வகையில், நோய் தலைகாட்டும் காலத்திலேயே பல குழந்தைகளுக்கு எடை மளமளவென்று ஏறுகிறது. சிலர் வயதுக்கு முன்பே பருவமடைகிறார்கள்.

பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ இதற்குப் பெயர் வைத்தது 1880இல். மூளையில் ஓரெக்ஸின் என்ற வேதிப்பொருள் இருப்பது 1998இல்தான் தெரிந்தது. அதைச் சுரக்கும் செல்கள் இந்த நோயாளிகளிடம் பெரும்பாலும் அழிந்துபோயிருப்பதை 2000இல் கண்டார்கள். வரலாறு இவ்வளவு போதும். அந்தச் செல்கள் செய்யும் வேலைதான் அதிசயம்.

மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் அவை சில பத்தாயிரம்தான். பெரிய கூட்டுக்குடும்பத்தில் சரக்கறைச் சாவியை இடுப்பில் செருகியிருக்கும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்ப்பார். அதுதான் ரத்தத்தின் குளுக்கோஸ். பானை நிறைந்திருந்தால் பாட்டி ஓய்ந்து உட்காருவார். குளுக்கோஸ் கூடினால் இந்தச் செல்களும் அடங்குகின்றன. பரணில் எத்தனை மூட்டை இருக்கிறது என்ற கணக்கும் அவரிடம் வரும். கொழுப்புத் திசு அனுப்பும் லெப்டின் அது. மூட்டை அதிகமென்றால் இன்னும் அமைதி. ஆனால் அடுப்படியிலிருந்து "ஒன்றுமில்லை" என்று குரல் வந்தால், அதாவது காலி வயிறு கிரெலின் என்ற ஹார்மோனை அனுப்பினால், பாட்டி எழுந்து மொத்த வீட்டையும் எழுப்பிவிடுவார். ஒருவனைச் சந்தைக்கு விரட்டுவார், ஒருத்தியை அடுப்பு மூட்டச் சொல்வார். விழிப்பு, நடமாட்டம், உடற்சூடு எல்லாம் ஒரே அதட்டலில். பட்டினி கிடக்கும் சுண்டெலி தூக்கத்தை விட்டு இரை தேடி அலைவது இதனால்தான். ஓரெக்ஸின் செல்கள் இல்லாத சுண்டெலியோ பட்டினியிலும் அப்படி விழித்தெழுவதில்லை.

பாட்டி இல்லாத வீட்டில் எழுப்ப ஆளில்லை, அடுப்பும் மந்தம், பரணில் மட்டும் மூட்டை ஏறுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட சோதனையில், இந்தச் செல்களை இழந்த சுண்டெலிகள் மற்றவற்றைவிடக் குறைவாகத் தின்றும் கொழுத்தன. உறவினர்களுக்கு நான் காட்ட விரும்பும் சான்று இதுதான்.

சுண்டெலியில் கண்டதை அப்படியே பிள்ளைகள்மேல் ஏற்றிவிடக் கூடாது. நார்கோலெப்சி உள்ளவர்களில் சிலருக்கு அடக்க முடியாத தின்பண்ட ஆசையும், இரவில் எழுந்து சாப்பிடும் பழக்கமும் உண்டு. ஆனாலும் வெறும் தூக்கத்தின்மேல் பழி போட முடியாது. ஓரெக்ஸின் குறையாமலே பகலெல்லாம் தூங்கி வழியும் வேறு நோயாளிகள் இருக்கிறார்கள்; அவர்களிடம் உடல் பருமன் இந்த அளவுக்குக் காணப்படுவதில்லை.

அதனால் எடை ஏறுகிறதே என்று செய்த தைராய்டு பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். சிரிக்கும்போது கால் மடங்குவதைக் கைபேசியில் படம்பிடித்துக் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவும் மறுநாள் பகலும் பதிவு செய்தால் விவரம் தெரியும். "சோம்பேறி" என்ற பட்டத்தோடு பல பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள், எனக்கு ஆறாத விஷயம் அது.

ஓரெக்ஸின் ஏற்பியைத் தூண்டும் ஒவெபொரெக்ஸ்டன் என்ற மாத்திரை 2025இல் செய்திகளில் அடிபட்டது. முதல் வகை நார்கோலெப்சி உள்ள பெரியவர்களிடம் அது விழிப்பைக் கூட்டியது; சோதனையின் நோக்கமும் அதுதான். யாராவது அதை உடம்பு இளைக்கும் மருந்து என்று எழுதினால் நம்பாதீர்கள்.