நின்றுபோன ஆலைகள் – 7
கூத்தாநல்லூர்க் கொட்டகையில் ஸ்டாண்டர்டு ஆலை

திருவாரூர், மன்னார்குடிப் பக்கமிருந்து சென்னைக்கு இரவு பஸ் ஏறியவர்களுக்குப் பெருங்களத்தூரைத் தெரியாமல் இருக்காது. விடியுமுன் கண்டக்டர் குரல் கொடுத்து எழுப்ப, பையும் அரிசி மூட்டையுமாக நம் ஆட்கள் இறங்கிய இடம் அது. அந்த ஜி.எஸ்.டி. சாலையோரத்தில்தான் தமிழ்நாட்டின் ஆரம்பகாலக் கார் ஆலைகளில் ஒன்று இயங்கியது. சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1940களின் இறுதியில் தொடங்கிய 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா'.

அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே பெயர்கள் சாலையை ஆண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த மூன்றாவது கார் இங்கே தயாரானது. இன்று அந்த நிலத்தில் ஐ.டி. வளாகமும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க ஆலை இல்லை. அது செய்த கார்கள் மட்டும் அங்கங்கே மிஞ்சியிருக்கின்றன. அப்படி ஒன்றைத் தேடித்தான் கூத்தாநல்லூருக்குப் போனேன்.

மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கப் போனவர்களின் ஊர் இது. 'குட்டி சிங்கப்பூர்' என்று சொல்வார்கள். அப்படி வெளிநாடு போன சபராளிகள் அனுப்பிய பணத்தில் எழுந்த பெரிய வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. அப்படி ஒரு வீட்டின் கொல்லைக் கொட்டகையில் அந்த ஹெரால்டு நிற்கிறது. வீட்டார் வெளிநாட்டில். சாவி, காரைப் பல வருஷம் பார்த்துக்கொண்ட மெக்கானிக் பாயிடம் இருந்தது.

"பானட்டைத் தூக்குறேன், பாருங்க தம்பி" என்றார். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பாகம் முழுசும் முன்னோக்கிக் கவிழ்ந்தது. இன்ஜின், முன்சக்கரம், ஸ்டியரிங் கம்பி எதையும் குனிந்து தேட வேண்டியதில்லை. "இதுல வேலை பழகுன பையன் வேற எந்த வண்டியிலயும் தடுமாற மாட்டான்" என்றார் பாய்.

அந்த அமைப்புக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கார் உடல் செய்து கொடுத்த நிறுவனத்தை அதன் போட்டியாளர்களான பி.எம்.சி. வாங்கிவிட்டார்கள். உடலும் சேஸிஸும் ஒன்றாக இணைந்த கார் செய்ய வழியில்லை. ஆகவே சேஸிஸைத் தனியாகச் செய்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் கொடுத்தார். 1959இல் அங்கே வந்த கார், 1961இல் இங்கே வந்தது. பிரித்து அனுப்பி வேறு நாட்டில் பூட்ட அதைவிடத் தோதான கார் கிடையாது. 948 சி.சி. இன்ஜின் கொண்ட அந்த வண்டி ஏறக்குறைய இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் ஊர்த் தெருக்களுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

பின்கதவைத் திறந்து காட்டினார் பாய். அங்கேதான் என் கண் நின்றது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். நான்கு கதவு ஹெரால்டு அங்கே வந்ததே இல்லை. குடும்பத்தோடு ஏறி இறங்கும் நம்மவர்களுக்காக 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு வைத்தது இந்தச் சென்னை ஆலை. 1972இல் ஹெரால்டின் அடுத்த வடிவமான கெஸல் வந்தபோது, சக்கரத்தைத் தனித்தனியே ஆடவிடும் பின் அச்சை மாற்றி நேர் அச்சைப் பொருத்தினார்கள். வெளிநாட்டுக் காரைப் பூட்டிக் கொடுத்தவர்கள் மட்டுமல்ல இவர்கள். யோசித்து மாற்றத் தெரிந்தவர்கள்.

பிறகு ஏன் நின்றது? எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்கு அரசுக் கட்டுப்பாடு, 1973இன் பெட்ரோல் விலையேற்றம். 1977இல் கெஸல் நின்றபின் 1985 வரை இங்கே கார் இல்லை. ஸ்டாண்டர்டு 20 வேன்தான் சோறு போட்டது. அடுத்து வந்த ஸ்டாண்டர்டு 2000, 1977இல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வான ரோவரின் உடல். உள்ளே வைத்ததோ ஸ்டாண்டர்டின் பழைய வேன்கார்டு கார் வம்சத்து 1,991 சி.சி. இன்ஜின். மாருதியின் சிக்கனத்தைப் பார்த்துவிட்ட நாடு அதை ஏற்கவில்லை. 1988இல் எல்லாம் முடிந்தது. மிஞ்சிய ரோவர் உதிரிகளை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிப் போனார்கள். நிலம் கைமாற 2006 ஆயிற்று.

அதே சாலையில் இன்னும் தெற்கே, மறைமலை நகரில், ஃபோர்டு ஆலை 2022 ஜூலையில் கடைசிக் காரை அனுப்பியது. அதற்கு மறுவாழ்வு வருகிறது: 3,250 கோடி ரூபாயில் இன்ஜின் தயாரிக்க 2025இல் அரசோடு ஒப்பந்தம், 2029இல் உற்பத்தி. இயந்திரமும் இடமும் கலையாமல் இருந்ததால் அது முடிந்தது. ஸ்டாண்டர்டுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அந்த நான்காவது கதவை வரைந்த கை எது, தகட்டை அடித்த கை எது என்று இன்று யாரைக் கேட்பது?

கேட்க ஆள் இருக்கும்போதே கேட்க வேண்டும். 1985இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று அறுபதுக்கு மேல். ஹெரால்டு பூட்டியவர்களில் பலருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் பழைய கார்களைக் காக்கிறது. கார் செய்தவர்களின் அறிவைக் காக்க அப்படி ஒரு இடம் வேண்டும். லட்சக்கணக்கில் கார் ஏற்றுமதி செய்யும் மாநிலத்துக்கு இது பெரிய செலவல்ல. உங்கள் வீட்டில் ஸ்டாண்டர்டு தொழிலாளி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பிரிவில் வேலை, என்ன கருவி, யாரிடம் பழகினார் என்று கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள்.

(தொடரும்)