கட்டுப்படியாகுமா? சித்தன்னவாசல் பக்கம் ஒரு வீட்டுக் கணக்கு

போன மாதம் சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, சித்தன்னவாசல் போற ரோட்டுல மனை போட்டிருக்காங்க. லோன் போட்டு வீடு கட்டினா மாசம் பதினோராயிரத்துச் சொச்சம்தான் வரும்னு சொல்றாங்க. நமக்குக் கட்டுப்படியாகுமா?"

அவன் எலக்ட்ரீஷியன். அன்னவாசலுக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே வேலை. மனைவி வீட்டிலேயே தையல். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் சராசரியாக 28,000 ரூபாய் வரும். சேமிப்பு மூன்றரை லட்சம். இருப்பது தாத்தா காலத்து ஓட்டு வீடு. ஏற்கெனவே இரண்டு குடும்பம். தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். அதற்குள் ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

"ரெண்டு நாள் டைம் குடு, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். மனை விலை, கட்டுமானச் செலவு, வட்டி மூன்றும் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் எண்ணைப் போட்டு நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் மனை

நகரத்தில் வீடு வாங்குவது என்றால் பெரும்பாலும் கட்டி முடித்த வீடு அல்லது ஃபிளாட். எங்கள் பக்கம் அப்படி இல்லை. மனை வாங்கி, கொத்தனாரைப் பிடித்து நாமே கட்ட வேண்டும். அதனால் செலவும் இரண்டு தவணையாக வரும். இதில் மனைக்கான பணம்தான் முதலில் கையை விட்டுப் போகும்.

1,200 சதுர அடி, அதாவது 2.75 சென்ட். சதுர அடி 350 ரூபாய் என்று வைத்தால் 4.20 லட்சம்.

பத்திரச் செலவு தனி. தமிழ்நாட்டில் 2023 மார்ச் கடைசியிலிருந்து கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, கூடுதல் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. எனவே மனைவி பெயரில் வாங்கினால் 8 சதவீதம்: 33,600 ரூபாய். இதில் கவனிக்க வேண்டியது, அரசின் வழிகாட்டி மதிப்பு நாம் கொடுக்கும் விலையைவிடக் கூடுதலாக இருந்தால் தீர்வையும் அந்தக் கூடுதல் மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும்.

பணத்துக்கு முன்னால் இரண்டு விஷயம் விசாரிக்கச் சொன்னேன். ஒன்று, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள். அங்கீகாரமோ வரன்முறையோ இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கேட்டுப் போவது வீண் அலைச்சல்.

இன்னொன்று சித்தன்னவாசலுக்கே உரியது. மலையில் இருக்கும் குடைவரையும் சமணப் படுக்கைகளும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். "மலை வியூ மனை" என்று சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் டேப் பிடித்துப் பார்ப்பது நல்லது. அவன் பார்த்த மனை நல்லவேளையாக வெகு தூரம்.

அடுத்து கட்டடம்

600 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 13.20 லட்சம். செப்டிக் டேங்க், தண்ணீர், மின் இணைப்புக்கு 1.30 லட்சம். மனை, பத்திரம் எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 19 லட்சம்.

கடன் எவ்வளவு கிடைக்கும்?

30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. "19 லட்சத்துல 17 லட்சம் பேங்க் தரும்" என்று சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான். ஆனால் இது உச்சவரம்பு மட்டுமே. உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவு செய்வது நம் வருமானம்.

வருமானத்தில் பாதி தவணைக்குப் போகலாம் என்று தாராளமாகவே வைப்போம். 28,000-இல் பாதி 14,000. பைக் தவணை 2,500 போக மீதி 11,500. 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 900 ரூபாய். ஆக, கிடைக்கக்கூடிய கடன் 12.75 லட்சம். 19 லட்சத்துக்கு ஆறேகால் லட்சம் குறைகிறது. கையில் இருப்பது மூன்றரை.

இதுகூட சம்பள ரசீது உள்ளவன் கணக்கு. எங்க தம்பிக்குக் கூலி கையில் வருகிறது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததே இல்லை. வங்கி தயங்கும், வீட்டுக் கடன் நிறுவனம் தரும், வட்டி கூட. 13 சதவீதம், 15 வருடம் என்று வைத்தால் லட்சத்துக்கு மாதம் 1,265 ரூபாய். அதே 11,500 ரூபாய்த் தவணைக்குக் கிடைக்கும் கடன் 9 லட்சம்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அதே உழைப்பு, அதே வருமானம், அதே மாதத் தவணை. காகிதம் இல்லாததால் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைகிறது. அவன் இத்தனை வருடம் சேர்த்த மொத்தப் பணமும் அவ்வளவுதான்.

கடன் முழுசாக ஒரே நாளில் கைக்கு வராது என்பதும் உண்டு. பேஸ்மென்ட், லிண்டில், கூரை என்று வேலை ஏற ஏறத்தான் விடுவிப்பார்கள். நம் பங்கை முதலில் போட வேண்டும். சேமிப்பு மனைக்கே போய்விட்டால் பேஸ்மென்ட் போடக் காசு இருக்காது. அப்போதுதான் நகை அடகுக்குப் போகும், கந்து வட்டிக்காரர் வீட்டுக்கு வருவார். பாதியில் நின்று கம்பி துருப்பிடிக்கும் வீடுகளில் பல இப்படி நின்றவைதான் என்று நினைக்கிறேன்.

அரசுத் திட்டம்?

"கனவு இல்லம் கிடைக்காதாண்ணே?" என்றும் கேட்டான். 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். ஆனால் அது குடிசையில் வாழ்பவர்களுக்கு, அதுவும் சொந்த இடம் இருந்தால். இவனோ ஓட்டு வீட்டில் இருக்கிறான், பெயரில் இடமும் இல்லை. மத்திய அரசின் வட்டி மானியம் நகர்ப்புறத்துக்கு. இவனைப் போன்றவர்கள் குடிசைக்கும் சம்பள ரசீதுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்கள்.

அப்போ என்னதான் வழி?

மனையை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாத்தா வீட்டுக்குப் பின்னால் காலியிடம் கிடக்கிறது. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம்; இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 400 சதுர அடி மட்டும் கட்டினால் 8.80 லட்சம், மற்ற செலவு 1.30, மொத்தம் 10.10 லட்சம். மூன்றரை கையில் இருக்கிறது. 6.60 லட்சம் கடன் போதும். 13 சதவீத வட்டியிலேயே மாதம் 8,350 ரூபாய். பத்திரச் செலவுக்குப் புதிதாகக் கொஞ்சம் புரட்டினால் போதும். இரண்டு வருடம் வரிக் கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்துவிட்டுக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றவும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆக என் பதில் இது: 28,000 வருமானத்தில் வீடு கட்டுப்படியாகும். மனையும் வீடும் சேர்ந்து கட்டுப்படியாகாது. முதல் வீடு வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "தவணை எவ்வளவு?" இல்லை. "முதல் தவணைக்கு முன்னால் என் கையிலிருந்து எவ்வளவு போகும், அதற்கு மேல் எத்தனை காகிதம் வேணும்?"

சித்தன்னவாசல் மலை மேல் ஏழடிப்பட்டத்தில் ஒரு கற்படுக்கை இருக்கிறது. பக்கத்திலேயே சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்து. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதனுக்குச் சிறுபாவில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் சாரம். யாருக்கு, எந்த ஊர், செய்து கொடுத்தது யார் என்று எல்லாம் தெளிவு. வீட்டையே துறந்தவருக்குக்கூட எழுத்தில் இருக்கிறது. எங்க தம்பி வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான்.

கணக்கைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னான்: "லோன் ஆபீஸ்ல கேட்டுடலாம்ணே. பெரியப்பாகிட்ட பாகம் கேக்கத்தான் வாய் வரமாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன்.